தீபாவளி இரவில் வந்த பொமரேனியன்: உரியவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

மேற்கு மாம்பலம் வாசகி:
தீபாவளிக்கு மறுநாள் காலை, எங்கள் தெருவில் நின்ற காருக்கு அடியில் ஒரு வெள்ளைப் பொமரேனியன் நாய் ஒடுங்கிக் கிடந்தது. அயோத்தியா மண்டபத்துக்குப் பின்பக்கத் தெரு. பிஸ்கட்டுக்கு மசியவில்லை, தயிர்சாதத்துக்கு வந்தது. கழுத்தில் பட்டை இல்லை. ஆனால் பட்டை கிடந்த இடத்தில் முடி தேய்ந்து வளையமாகத் தெரிகிறது. "உட்காரு" என்றால் உட்காருகிறது. குடியிருப்போர் சங்கச் செயலாளர், "யாரோ வேண்டாமென்று விட்டிருக்கிறார்கள், நீங்களும் கடற்கரைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுங்கள்" என்கிறார். என் மாமியாரோ மணி என்று பெயரே வைத்துவிட்டார். வாட்ஸ்அப் குழுக்களில் படம் போடலாமா? மாநகராட்சியிடம் ஒப்படைக்க வேண்டுமா?

அசோக் நகர் அகிலா:
கடற்கரைப் பேச்சே வேண்டாம் அம்மா. சோபாவில் படுத்து வளர்ந்த நாய் அங்கிருக்கும் தெரு நாய்களிடம் ஒரு ராத்திரி தாங்காது. விலங்கைக் காரணமில்லாமல் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வளர்ப்பு நாயே கூடாது என்று சங்கம் தீர்மானம் போட முடியாது என்பதை இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இலேயே சுற்றறிக்கையில் தெளிவாக்கியிருக்கிறது. செயலாளரிடம் மரியாதையாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள்.

எனக்கு இது கைவிடப்பட்ட நாயாகத் தோன்றவில்லை. வெடிச் சத்தத்தில் மிரண்ட நாய் திசை பார்த்து ஓடாது, சத்தம் ஓயும்வரை ஓடும். துரைசாமி சுரங்கப்பாதை வழியாகத் தி.நகரிலிருந்துகூட வந்திருக்கலாம். அதனால் உங்கள் தெருவோடு நிற்காமல் ரயில் பாதைக்கு அந்தப் பக்கமும் விசாரியுங்கள்.

யாரிடம் கேட்பது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. வீடு வீடாகக் கதவைத் தட்டுவதைவிட, விடியற்காலையில் பால் பாக்கெட் போடுகிறவரையும் முக்கில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரையும் பிடியுங்கள். எந்த வீட்டு வாசலில் எந்த நாய் குரைக்கும், எந்த வீட்டில் இரண்டு நாளாகச் சத்தமே இல்லை என்பது அவர்களுக்கு அத்துப்படி. தூய்மைப் பணியாளர்களுக்கும் அப்படித்தான். மாலையில் நாயைப் பிடித்துக்கொண்டு நடப்பவர்கள், ஒருவர் நாயை ஒருவர் பெயர் சொல்லியே அழைப்பார்கள், அவர்களையும் விடாதீர்கள். பக்கத்து மருந்துக் கடையிலும் கால்நடை மருத்துவரிடமும் ஒரு தாள் ஒட்டுங்கள். தொலைத்தவர்கள் பலரும் வேளச்சேரியில் இருக்கும் விலங்கு நல அமைப்பான புளூ கிராஸுக்குப் போன் செய்வார்கள், அங்கும் தகவல் இருக்கட்டும். மாநகராட்சியின் புகார் எண் 1913இலும் சொல்லி வையுங்கள். நாயை மட்டும் உங்களிடமே வைத்திருங்கள். ஏற்கெனவே மிரண்டிருக்கிறது, இன்னோர் இடம் மாற்றினால் தாங்காது.

படம் போடுங்கள், ஆனால் முகம் மட்டும். உடம்பில் ஏதாவது ஓர் அடையாளத்தை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். பொமரேனியன் என்றதும் "என்னுடையது" என்று வருகிறவர்கள் உண்டு, விற்றால் காசு. உரியவராக இருந்தால் பழைய படங்களோ தடுப்பூசிப் புத்தகமோ பெரும்பாலும் இருக்கும்.

வேப்பேரி மாணவன்:
கால்நடை மருத்துவம் படிக்கிறேன். முதலில் சிப், அதாவது உரியவரைக் கண்டறிய உதவும் அடையாள எண் கொண்ட சிறு மின்னணுச் சில்லு, இருக்கிறதா என்று பாருங்கள் அக்கா. தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கு அடியில் இருக்கும். சிப்பைப் படிக்கும் கருவியை மேலே நகர்த்தினால் 15 இலக்க எண் திரையில் வரும். எங்கள் கல்லூரி மருத்துவமனைக்கே கொண்டு வரலாம். நாய் எங்கே சுற்றுகிறது என்று சிப் காட்டாது, எண்ணை மட்டுமே தரும். கடித்தாலோ நகம் பட்டுக் கீறினாலோ சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடத் தொடங்குங்கள். வீட்டு நாய்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

தி.நகர் பெரியவர்:
போன வருடம் எங்கள் நாய் தொலைந்தபோது, "நாய் என்னிடம் இருக்கிறது, முதலில் பணம் அனுப்புங்கள்" என்று ஒருவன் அழைத்தான். அந்தக் கவலையில் யோசிக்கவே தோன்றாது. நாயைத் தொலைத்து இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: வீடியோ அழைப்பில் நாயைக் காட்டாதவனுக்கு ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள்.

மேற்கு மாம்பலம் வாசகி:
எல்லோருக்கும் நன்றி. சிப் இல்லை. ஆனால் சுரங்கப்பாதைக்கு அந்தப் பக்கம் இஸ்திரி போடுகிறவர், வயதான தம்பதி வீட்டு நாய் ஒன்று தீபாவளியன்று காணாமல் போனது என்கிறார். பெயர் ஸ்னோயியாம். இங்கே ஸ்னோயி என்று கூப்பிட்டதும் காதைத் தூக்கியது. மாமியார் முகம்தான் வாடிவிட்டது. நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

அசோக் நகர் அகிலா:
நல்ல செய்தி! ஆனாலும் அடையாளத்தை அவர்கள் வாயாலேயே சொல்லட்டும், நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். காது தூக்குவதை மட்டும் நம்ப வேண்டாம், புதுச் சத்தம் எதற்கும் தூக்கும். வாசலில் வைத்துக் கொடுக்காமல் கதவைச் சாத்திவிட்டு அறைக்குள் வைத்துக் கொடுங்கள். இன்னும் சில பிள்ளைகள் மிச்ச வெடிகளை வெடித்துக்கொண்டிருக்கிறார்கள். கழுத்துப் பட்டையில் போன் எண் எழுதச் சொல்லுங்கள். மாமியாரையும் அவர்கள் வீட்டு எண்ணை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.