ஓவர்கிளாக்கிங்குக்குப் பின் திரை இருள்: பயாஸை மீட்டமைப்பது எப்படி?

கேள்வி:
கணினியின் டிடிஆர்4 ரேமை ஓவர்கிளாக் செய்து, அதாவது அதன் வேகத்தை 3200-இலிருந்து 4000-ஆக உயர்த்திச் சேமித்தேன். இப்போது விசிறிகள் சுழல்கின்றன, ஆனால் திரையில் எதுவும் வரவில்லை. கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸுக்குள்ளும் நுழைய முடியவில்லை. மதர்போர்டின் பேட்டரியைக் கழற்றினால் போதுமா?

மறுமொழி 1:
போதும், ஆனால் ஊசிகளை இணைக்கும் ஜம்பர் முறை எளிது. மின்வடத்தைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி, எஞ்சிய மின்னூட்டத்தை வடியவிடுங்கள். பின்னர், மதர்போர்டில் ‘கிளியர் சிமாஸ்’ (பயாஸ் அமைப்புகளை அழிப்பது) எனக் கையேடு காட்டும் இரு ஊசிகளை ஸ்குரூடிரைவர் முனையால் 10 நொடிகள் இணைத்துப் பிடித்தால், அமைப்புகள் பழைய இயல்புநிலைக்குத் திரும்பும். அருகிலுள்ள வேறு ஊசிகளைத் தொட்டுவிடாதீர்கள்.

மறுமொழி 2:
ஊசிகள் தென்படாவிட்டால் மட்டும் நாணய வடிவ சிஆர்2032 பேட்டரியைக் கழற்றுங்கள். பல போர்டுகளில் அது கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும், யார் அப்படி வடிவமைத்தார்களோ!

மறுமொழி 3:
மீட்டமைத்தபின் முதல் முறை இயக்கும்போது மதர்போர்டு ரேமைப் பழக்கிக்கொள்ளச் சிறிது நேரம் பிடிக்கும் என்பதால், திரை கறுப்பாக இருக்கிறதே என்று அவசரப்பட்டு மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள். வட்டு ரெய்டு முறையில் (பல வட்டுகளை ஒன்றாக இயக்குவது) இருந்திருந்தால் அதை பயாஸில் மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையேல் விண்டோஸ் எழாது. விண்டோஸின் வட்டுக் குறியாக்கமான பிட்லாக்கர் இயங்கினால் மீட்புச் சாவியையும் கையில் வைத்திருங்கள்.