வெளிக்கிட்டார் எங்கட சௌஃபல்

சித்தப்பா: பாத்தியளே, எங்கட வெஸ்ற்ஹாம் கிளப்பின்ர ரைட் பேக் (வலது பக்க டிஃபென்டர்) சௌஃபல் ஜேர்மன் கிளப் ஹொஃபென்ஹைமுக்குப் போறாராம், 2025ல. கொன்ராக்ட் முடியுது, இனி இல்லை எண்டு மே மாசமே கிளப் சொன்னதுதான், எண்டாலும் இண்டைக்கு வேற ஜேர்சியோட அவற்ர படத்தைப் பாத்தாப் பிறகு நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரிக் கிடக்கு. அஞ்சு வருசம்

அம்மா: ஆர் தம்பி அது?

சித்தப்பா: அண்ணி உங்களுக்குத் தெரியும். பிராக்கில கப் வெண்ட அண்டைக்கு எல்லாரும் எங்கட வீட்டிலதானே இருந்தனீங்கள், வலது பக்கக் கோட்டோட ஓடிக்கொண்டே இருந்தவர், அஞ்சாம் நம்பர்

அம்மா: ஓம் ஓம். நீங்கள் கத்தின கத்துக்குப் பக்கத்து வீட்டு மனுசன் வந்து கதவு தட்டினவர், சண்டைக்கு வந்திட்டார் எண்டு நான் பயந்து போனன், பாத்தா அந்தாளும் வெஸ்ற்ஹாம் சால்வையோட நிண்டு அழுது கொண்டிருக்கு

அக்கா: நான் அவருக்கு ரோல்ஸ் குடுத்தனான் 😭

சின்னவன்: சித்தப்பா எனக்கு ரைட் பேக் பிடிக்கேல்லை

சித்தப்பா: ஏனப்பு?

சின்னவன்: கோச் இண்டைக்குச் சொல்லிப்போட்டார் அடுத்த சீசன் நான் ரைட் பேக்காம். நான் விங்கர், முன்னுக்கு ஓரத்தால ஓடுறவன். ரைட் பேக்கை ஒருத்தரும் பாக்கிறேல்லை

அம்மா: பின்னேரம் வந்ததில இருந்து சாப்பிடேல்லை இவன்

சித்தப்பா: சரி இப்ப நான் சொல்லுறதை ஆறுதலா வாசி. சௌஃபல் செக் நாட்டில ஒஸ்ட்ராவாவில 1992ல பிறந்தவர், நிலக்கரியும் இரும்பும்தான் அந்த ஊர். 18, 19 வயசில பெரிய கிளப்புக்குப் போன ஆள் இல்லை. ஹ்லுச்சின், ஓபாவா எண்டு உள்ளூர்ச் சின்னக் கிளப்புகள், ரெண்டாம் டிவிசன், பிறகு லிபெரெட்ஸ், 25 வயசிலதான் பிராக்கில ஸ்லாவியாவுக்கு வந்தவர். 25. உன்ர வயசில ரெண்டு மடங்கு. அந்த வயசில கன பெடியள் இனி இவ்வளவுதான் எண்டு விட்டிடுவாங்கள், இவர் அங்க வந்து ரெண்டு வருசத்தில ரெண்டு லீக் ரைட்டில், 2019ல ஸ்லாவியா பார்சிலோனாவில போய் மெஸ்ஸி விளையாடின மச்சில 0-0 எண்டு நிப்பாட்டினது, அந்த டிஃபென்ஸில இவரும் நிண்டவர்

ஜேர்மன் மாமா: மச்சான் ஒரு சின்னத் திருத்தம், செக் பாசையில C வந்தா ட்ஸ் எண்டுதான் சொல்லுறது. ட்ஸௌஃபல். என்னோட வேலை செய்யுற செக்காரப் பெடியன் எனக்குப் பத்துத் தரம் சொல்லித் தந்தவன்

சித்தப்பா: இங்க லண்டன் ஈஸ்ற்ஹாமில அவர் சௌஃபல்தான் மச்சான், இனி மாத்தேலாது

சித்தப்பா: 2020 ஒக்ரோபர். கொரோனா, கிரவுண்டில சனமே இல்லை. வெஸ்ற்ஹாம் அவரை வாங்கினது 5.4 மில்லியன் பவுண்ஸுக்கு, பிரீமியர் லீக்கில அது ஒரு காசே இல்லை. மற்றச் செக்காரர் சௌச்செக் அதுக்கு முதலே இங்க வந்திட்டார், ரெண்டு பேரும் ஸ்லாவியாவில ஒண்டா விளையாடின ஆக்கள். 28 வயசு ஆளை ஏன் வாங்குறாங்கள் எண்டு நானும் யோசிச்சனான். ஒப்பந்தம் வந்து ரெண்டு நாளால லெஸ்ரரோட இறங்கினார், 3-0 வெண்டது. அந்த சீசன் முடிய 65 பொயின்ற், ஆறாம் இடம். பிரீமியர் லீக்கில வெஸ்ற்ஹாம் அதுக்கு முதல் அவ்வளவு பொயின்ற் எடுத்ததே இல்லை

சின்னவன்: ஆனா கோல் எல்லாம் பொவனும் அன்ரோனியோவும்தானே

சித்தப்பா: அதைத்தான் சொல்ல வாறன். பொவன் இடது காலுக்காரன், வலது விங்கில நிண்டு உள்ளுக்கு வெட்டித்தான் அடிப்பான். உள்ளுக்கு வரேக்கை ஒரு டிஃபென்டரை இழுத்துக்கொண்டு வருவான், அப்ப வெளிப்பக்கம் வெறும் இடம் கிடக்கும், அந்த இடத்துக்கு ஆர் ஓடுறது? பின்னால இருந்து சௌஃபல். பந்து வராட்டிலும் ஓடோணும், ஓடினாத்தான் மற்ற டிஃபென்டர் குழம்புவான். பத்துத் தரம் ஓடினா ரெண்டு தரம்தான் பந்து வரும். மிச்ச எட்டுத் தரமும் திரும்பி ஓடி வரோணும், ஏனெண்டா மற்றப் பக்கத்தால அவங்கள் குரொஸ் போட்டா, எண்டா ஓரத்தில இருந்து கோலடிக்குப் பந்தை அனுப்பினா, தூரத்துப் போஸ்ற்றடியில தலை குடுக்க வேண்டியதும் அதே ஆள்தான்

சின்னவன்: 😐

அக்கா: சித்தப்பா அந்த ஸ்கொட்லாந்து மச்சைச் சொல்லுங்கோ

சித்தப்பா: ஓ அது. 2021 யூரோ, ஐரோப்பிய நாடுகளின்ர கப், செக்கும் ஸ்கொட்லாந்தும், கிளாஸ்கோவில ஹாம்டன் பார்க். செக் ரீமின்ர ஷிக் பாதிக் கோட்டடியில இருந்து தூக்கி அடிச்ச கோல் உலகம் முழுக்கத் தெரியும், 45 மீற்றருக்கு மேல, கோலி நெற்றுக்குள்ள போய் விழுந்தான். ஆனா மச்சில அது ரெண்டாவது கோல். முதலாவதை ஒருத்தரும் கேக்கிறேல்லை. 42வது நிமிசம், வலது பக்கத்தில சௌஃபலுக்குப் பந்து வருது, ஷிக் ரெண்டு டிஃபென்டருக்கு நடுவில நிக்கிறான், இவர் போட்ட குரொஸ் நேரா அவன்ர தலையில போய் நிண்டுது. ஷிக் எழும்பி அடிச்சான், ஆனா அந்தப் பந்தை அங்க வைச்சது ஆரெண்டு பாக்கோணும். அண்டைக்கு நான் ரிவியை நிப்பாட்டி நிப்பாட்டி மூண்டு தரம் பாத்தனான், உன்ர சித்தி பேசினவ

சித்தி: பேசினனான்தான். அடுப்பில கறி

ஜேர்மன் மாமா: அந்த யூரோவில செக் நெதர்லாந்தையும் 2-0 வெண்டது, டென்மார்க்கோட குவாட்டரிலதான் தோத்தது. இஞ்ச ஜேர்மனியில செக் ரைட் பேக் எண்டா ஒரு மரியாதை இருக்கு மச்சான். எங்கட ஹைல்ப்ரொன்னில இருந்து ஹொஃபென்ஹைமின்ர கிரவுண்ட் கிட்டத்தான், சின்ஸ்ஹைமில கிடக்கு. ஹொஃபென்ஹைம் எண்டது ஒரு கிராமம், அவ்வளவுதான், ஆனா விளையாடுறது பூண்டஸ்லிகா, ஜேர்மனியின்ர முதலாம் டிவிசன். அங்க ரைட் பேக்கில கடெர்ஷாபெக் பத்து வருசம் நிண்டவர், 2015ல வந்தவர், அவரும் செக். அவர் போக இப்ப உங்கட ஆள் வாறார். மற்றச் செக்காரர் ஹ்லோசெக்கும் ஹ்ரனாச்சும் அங்கதான், அதனால பாசைக்கு அந்தரப்பட மாட்டார்

ஜேர்மன் மாமா: அதுக்கு முதல் ப்ரேமன் கிளப்பில கெப்ரே செலாசி, 2012ல இருந்து 2021 வரைக்கும் ஒரே கிளப். தேப்பன் எத்தியோப்பியர், தாய் செக். செக் தேசிய ரீமுக்கு விளையாடின முதல் கறுப்பின வீரர் அவர்தான். 2012 யூரோவில ரஷ்யாவோட விளையாடேக்கை அந்தப் பக்கத்து ரசிகர்கள் அவரைப் பாத்துக் கேவலமாக் கத்தினவங்கள். அந்த வருசம்தான் இஞ்ச வந்தவர், வந்து ஒன்பது வருசம். அவரும் ரைட் பேக் தம்பி

சின்னவன்: எல்லாரும் ரைட் பேக்கா

அம்மா: சாப்பாடு ஆறுது

சின்னவன்: வாறன் அம்மா. சித்தப்பா பிராக் மச்சில அவர் என்ன செய்தவர்? எனக்கு பொவன்ர கோல்தான் ஞாபகம்

சித்தப்பா: 2023 யூன் 7. அதை நான் எப்பிடிச் சொல்லுறது. ஐரோப்பியக் கிளப்புகளின்ர கொன்ஃபெரன்ஸ் லீக் ஃபைனல், இத்தாலிக் கிளப் ஃபியோரென்ரீனாவோட, பிராக்கில ஸ்லாவியாவின்ர கிரவுண்ட், ஏடன். விளங்குதோ, சௌஃபலும் சௌச்செக்கும் முந்தி கிழமைக்குக் கிழமை விளையாடின அதே புல்லு. விட்டிட்டு வந்த வீட்டுக்கு விருந்தாளியா வேற உடுப்புப் போட்டுக்கொண்டு திரும்பிப் போறது மாதிரி. எங்கட பென்ரஹ்மா பெனால்ரி அடிச்சான், அஞ்சு நிமிசத்தில அவங்கட பொனவென்ரூரா சமப்படுத்தினான், அதுக்குப் பிறகு ஃபியோரென்ரீனா இடிச்சுக்கொண்டே இருந்தது. அந்த நேரம் சௌஃபலைத்தான் நான் பாத்துக்கொண்டிருந்தனான், தோள் ரெண்டும் விழுந்து போச்சு, களைச்சுப் போனார், ஆனா பந்து அந்தப் பக்கம் போனா இவர் உள்ளுக்கு, இந்தப் பக்கம் வந்தா வெளியில, ஒரு தரமும் நடக்கேல்லை. 90வது நிமிசம் பக்கேற்றா பந்தைத் தள்ளி விட்டான், பொவன் ஓடினான். அது உனக்குத் தெரியும்

சித்தப்பா: வெஸ்ற்ஹாமுக்கு 1965க்குப் பிறகு முதல் ஐரோப்பியக் கப். 1980க்குப் பிறகு முதல் பெரிய கப். நான் இங்க வந்த காலத்தில இருந்து கிளப்பின்ர பழைய கிரவுண்ட் அப்ரன் பார்க்கில நிண்டு பாத்தவன், ஒண்டும் வெல்லாமலே அந்தக் கிரவுண்டை 2016ல மூடி இப்ப அதில ஃபிளற் கட்டி விட்டிட்டாங்கள். கப்போட பஸ் பார்க்கிங் (Barking) ரோட்டுச் சிலையடிக்கு வரேக்கை உன்னைத் தோளில வைச்சிருந்தனான், பாரமாத்தான் இருந்தனி

சின்னவன்: அது ஞாபகம் இருக்கு. ஒரு ஆள் கை காட்டினவர்

சித்தப்பா: ஓம். பஸ்ஸில எல்லாரும் கை காட்டினவங்கள். அதில அவரும் நிண்டவர்

அண்ணா: வேலையால இப்பத்தான் வந்தனான், எல்லாத்தையும் வாசிச்சன். ஆனா போன சீசன் அவருக்கு இடம் குறைஞ்சு போச்சே, மற்ற ரைட் பேக் வான் பிசாக்கா வந்தாப் பிறகு

சித்தப்பா: குறைஞ்சதுதான். வான் பிசாக்கா நல்ல ஆள், ஒருத்தன் ஒருத்தனா நிண்டு பந்தைப் பறிக்கிறதில அவனை மாதிரி ஆரும் இல்லை, அதை நான் மறைக்க மாட்டன். சௌஃபலுக்கும் 32 ஆச்சு, ஓகஸ்ற்றில 33. 2022ல இடுப்படியில ஒப்பரேசனும் செய்தவர், அதுக்குப் பிறகு முதல் சீசன் ஓட்டம் இல்லை எண்டதும் உண்மை. ஆனா கிளப் அவருக்கு இன்னும் ஒரு வருசம் குடுத்திருக்கலாம். பெஞ்சில இருந்தாலும் உடுப்பு மாத்துற அறையில அப்பிடி ஒரு ஆள் இருக்கோணும். எனக்கு அதில சரியான மனவருத்தம்

ஜேர்மன் மாமா: மச்சான் கவலைப்படாதையும், சின்ஸ்ஹைமுக்கு நான் ரிக்கெற் எடுக்கிறன், சின்னவனையும் கூட்டிக்கொண்டு வாரும். பஸ்ஸில வர வேண்டாம், பிளேனில வாங்கோ, போன முறை உங்களுக்கு நாரி நோவு

சின்னவன்: உண்மையாவா மாமா??

அம்மா: முதல் சாப்பிடு

சின்னவன்: சாப்பிட்டிட்டன். சித்தப்பா நாளைக்கு சென்ரல் பார்க்குக்கு வாறியளா? நீங்கள் விங்கில நில்லுங்கோ, உள்ளுக்கு வெட்டுங்கோ, நான் பின்னால இருந்து வெளியால ஓடிப் பாக்கிறன்

சித்தப்பா: ஆறரைக்கு நிப்பன்

சின்னவன்: அந்த ஸ்கொட்லாந்து மச் கிளிப்பையும் அனுப்புங்கோ. முதலாவது கோல்