பதாகை இழுக்கும் விமானம்: ‘இழுவை’ என்ற சொல்லையே வைத்துக்கொள்ளலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

கடற்கரைகளின் மேல் விளம்பரப் பதாகையை இழுத்துப் பறக்கும் சிறுவிமானங்களின் விபத்துகளைப் பற்றி நான் எழுதிவரும் கட்டுரைக்கு, ‘பதாகை இழுவை’ என்ற சொல்லை நண்பர்கள் இருவர் பரிந்துரைத்திருந்தனர். பழனியின் இழுவை ரயிலும் துறைமுகத்தின் இழுவைப் படகும் அதற்குத் துணை நிற்கின்றன. ஆயினும் இரண்டாம் பக்கத்திலேயே அச்சொல் என்னைக் கைவிட்டது. காற்று விமானத்தைப் பின்னுக்குத் தடுக்கும் விசையையும் ‘இழுவை’ என்றே எழுதிவருகிறோம் என்பதால், “இழுவையின்போது இழுவை கூடி வேகம் குறைந்தது” என்று எழுத நேர்ந்தது. இவ்விரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லாமல் இவ்விபத்துகளை விளக்க இயலாது.

விமானம் பதாகையோடு தரையிலிருந்து கிளம்புவதில்லை. வெறுமனே ஏறிச் சுற்றிவந்து, இரண்டு கழிகளுக்கிடையே கட்டிய கயிற்று வளையத்தைத் தன் பின்னால் தொங்கும் கொக்கியால் தாழப் பறந்து கவ்வுகிறது. அப்போது விமானி மூக்கை வெகுவாக உயர்த்தி, தரையில் கிடக்கும் பதாகையை ஒரு முனையிலிருந்து உரித்தெடுப்பதுபோலத் தூக்க வேண்டும். மூக்கு உயர்ந்ததால் வேகம் குறையும் அதே நேரத்தில் பதாகையின் தடையும் வந்து சேர, இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஏறத்தாழ 15 பாகையைத் தாண்டிவிட்டால், காற்றோட்டம் இறக்கையின் மேற்பரப்பை விட்டு விலகி, விமானத்தைத் தாங்கும் விசை சரிந்துவிடும். உயரத்தில் இது நேர்ந்தால் மூக்கைத் தாழ்த்தி மீளலாம். பதாகையைத் தூக்கும் உயரத்தில் அதற்கு இடமில்லை. ஆங்கிலத்தில் ‘ஸ்டால்’ (stall) எனப்படும் இந்நிலைக்கு ‘ஏற்றமிழப்பு’ என்று எழுதியிருக்கிறேன். ‘இன்ஜின் நின்றது’ என்று இதைப் பெயர்ப்பது பிழை. இன்ஜின் அப்போது முழு விசையில் ஓடிக்கொண்டிருக்கலாம்.

தொழிலின் பெயருக்கு என் முன்மொழிவு ‘கட்டியிழுப்பு’. எங்கள் கடலூர் முதுநகரில் இன்ஜின் பழுதான படகை மற்றொரு படகு கரைசேர்த்தால், ‘கட்டி இழுத்து வந்தார்கள்’ என்றே சொல்வோம். இதற்கு இன்னொரு பயனும் உண்டு: ஆபத்து வேளையில் பதாகையை உதறிவிடும் செயலுக்குக் ‘கட்டவிழ்ப்பு’ என்ற இணைச்சொல் தானாகவே கிடைக்கிறது. கொக்கிக்குக் கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக்கரண்டியின் பெயரையே தரலாம். வடிவமும் வேலையும் ஒன்றுதான். வானிலிருந்து தொங்குவதற்குப் பாதாளம் என்ற பெயர் நகைப்பைத் தந்தாலும், விமானம் தேடி வருவது தரையில் கிடப்பதைத்தானே!

— முதுநகரிலிருந்து

ஐயா, வணக்கம். ‘கட்டியிழுப்பு’ பேச்சுமொழியாகவே ஒலிக்கிறது. மேலும் கரண்டி கயிற்றைக் கவ்வுகிறதே ஒழியக் கட்டுவதில்லை. வில்லியனூர்த் தேரில் வடம் பிடித்து இழுப்பதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு ‘வடமிழுப்பு’ என்பதே கம்பீரமாகப் படுகிறது.

— புதுச்சேரியிலிருந்து

அம்மையீர், தங்கள் ‘வடம்’ என்ற சொல்லை நன்றியுடன் எடுத்துக்கொள்கிறேன். விமானத்தையும் பதாகையையும் இணைக்கும் கயிற்றுக்கு ‘இழுவடம்’ எனலாம். செயலுக்கு மட்டும் அது பொருந்தவில்லை. ‘வடமிழுப்பு’ என்றால் இழுபடுவது வடம் என்றாகிவிடும். வடத்தின் மறுமுனை விமானத்தில் கட்டப்பட்டே இருப்பதால் ‘கட்டி’ என்பதும் பொய்யாகாது. பேச்சுமொழிச் சாயலை நான் குறையாகக் கருதவில்லை.

சொற்களை ஒருமுறை சோதித்துப் பார்த்தேன்: “கட்டியிழுப்பின் தொடக்கத்தில் பாதாளக்கரண்டி வால்சக்கரத்தில் மாட்டிக்கொண்டதால், விமானி கட்டவிழ்ப்புப் பிடியை இழுத்தும் இழுவடம் விடுபடவில்லை, பதாகையின் இழுவையால் வேகம் குறைந்து, விமானம் ஏற்றமிழந்து வீழ்ந்தது.” இதில் ‘இழுவை’ ஒருமுறைதான் வருகிறது, ஒரே பொருளில் வருகிறது. ‘ஏற்றமிழப்பு’ மட்டும் இன்னும் உறுத்துகிறது. விமானம் மேலேறுவதையும் ‘ஏற்றம்’ என்கிறோமே. அதற்கு மாற்று எவரிடமேனும் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.

— முதுநகரிலிருந்து