தாதியர் பயிற்சி பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் மட்டக்களப்பு மாவட்டம், களுவாஞ்சிகுடி. தங்கச்சி உயர்தரத்தில் உயிரியல் பிரிவு, மூன்று பாடமும் சித்தி. ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நாலு வருடத் தாதியர் பட்டப்படிப்புக்குக் காணாது. அதனால் சுகாதார அமைச்சின் மூன்று வருடத் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட நினைக்கிறோம்.

அவளுக்கு இதில் உண்மையான விருப்பம். அம்மம்மாவுக்குச் சீனி வருத்தத்தில் காலில் புண் வந்தபோது, ஒட்டிய துணியை நனைத்து ஓரத்திலிருந்து மெதுவாக எடுத்து, தினமும் மருந்து கட்டியது அவள்தான்.

இந்தப் பயிற்சிக்கு விண்ணப்பம் கோரிக் கடைசியாக வந்த வர்த்தமானி (அரசாங்க அறிவித்தல்) யாரிடமாவது இருந்தால் போடுங்கள். சாதாரண தரத்தில் அவளுக்கு ஆங்கிலம் 'எஸ்' (சாதாரண சித்தி) மட்டும்தான், அது போதுமா? மட்டக்களப்புத் தாதியர் பயிற்சிக் கல்லூரியிலேயே இடம் கேட்கலாமா, இல்லை அமைச்சு போடுகிற ஊருக்குத்தான் போகவேண்டுமா?

ஒரு தனியார் நிலையம் ஆறு மாதத்தில் நேர்ஸ் ஆக்குகிறோம் என்று காசு கேட்கிறது. அது உதவியாளர் படிப்பு, அதை வைத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக முடியாது என்று அப்பாவுக்கு விளங்கப்படுத்தியாச்சு.

இப்போது பயிற்சியில் இருக்கிற பிள்ளைகள் யாராவது அவளோடு இன்பாக்ஸில் பேசினால் பெரிய உதவி. நேர்முகத்துக்கு என்னென்ன கொண்டுபோகவேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.