ட்ரக்கில் சிபி ஆண்டெனா: எஸ்.டபிள்யூ.ஆர். 3-க்குக் கீழே இறங்கவில்லை, உதவி வேண்டும்

கேள்வி (பிராம்ப்டன் டிரைவர்)

வணக்கம். டொராண்டோவிலிருந்து வின்னிபெக் வரை ஹைவே 17-இல் ஓட்டுகிறேன். வட ஒண்டாரியோவில் வாவா என்ற ஊரைத் தாண்டினால் பல இடங்களில் போனில் சிக்னல் இருக்காது, பனிக்காலத்தில் முன்னால் ரோடு மூடியிருக்கிறதா என்று எதிரே வருகிறவர்களிடம் சிபி ரேடியோவில் (டிரைவர்கள் தங்களுக்குள் பேசும் குறுந்தூர ரேடியோ) சேனல் 19-இல் கேட்டால்தான் உண்டு. அதனால் இந்த ரேடியோ எனக்கு அவசியம்.

இரண்டு பக்கக் கண்ணாடிக் கம்பியிலும் 4 அடி ஃபைபர்கிளாஸ் ஆண்டெனா ஒன்றொன்று இருந்தது. வலது பக்கம் மரக்கிளையில் பட்டு உடைந்தது. புது குச்சியும் புது பிராக்கெட்டும் வாங்கி நானே மாட்டினேன், அந்தப் பக்கக் கேபிளும் கிழிந்திருந்ததால் கடையில் இருந்த சாதாரண 50 ஓம் கேபிளைப் போட்டேன். அதிலிருந்து மற்றவர்கள் பேசுவது எனக்கு ஓரளவு கேட்கிறது, நான் பேசினால் அரை கிலோமீட்டரில் இருப்பவருக்குக்கூடக் கேட்பதில்லை. மீட்டர் வைத்து எஸ்.டபிள்யூ.ஆர். பார்த்தேன் (அனுப்பும் சக்தி ஆண்டெனாவில் போகாமல் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு, 1-க்கு அருகே இருந்தால் நல்லது), எல்லாச் சேனலிலும் 3-க்கு மேல். கேபின் அலுமினியம், மேல்கூரை ஃபைபர். 5 அடி ஆண்டெனா வாங்கினால் சரியாகுமா? இல்லை காந்த அடி வைத்த ஒன்றைக் கூரையில் வைக்கலாமா?

பதில் (வடக்கு ரூட்)

தம்பி, முதலில் மைக்கை அழுத்துவதை நிறுத்துங்கள். 3-க்கு மேல் இருக்கும்போது பேசிக்கொண்டே இருந்தால் ரேடியோவின் கடைசி டிரான்சிஸ்டர் சூடாகிப் போய்விடும்.

காந்தம் வேண்டாம். அலுமினியத்திலும் ஃபைபரிலும் அது ஒட்டவே ஒட்டாது. 5 அடியும் இப்போது வேண்டாம், கோளாறு குச்சியில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எல்லாச் சேனலிலும் ஒரே மாதிரி அதிகம் என்றால் பெரும்பாலும் ஷார்ட், அல்லது எர்த் (வண்டி உடலோடு மின் இணைப்பு) இல்லை, அல்லது கேபிள்.

குச்சியைக் கழற்றி வைத்துவிட்டு, ரேடியோவிலிருந்து கேபிளையும் உருவிவிட்டு மல்டிமீட்டரால் பாருங்கள். ஸ்டட்டுக்கும் (குச்சியைத் திருகும் போல்ட்) பிராக்கெட்டுக்கும் நடுவே பீப் சத்தம் வரக் கூடாது. வந்தால் இரண்டையும் பிரிக்கும் நைலான் வாஷர் தப்பாக உட்கார்ந்திருக்கிறது. அதன் கழுத்துப் பகுதி பிராக்கெட்டின் ஓட்டைக்குள் இறங்க வேண்டும், நிறையப் பேர் தலைகீழாகப் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் பிராக்கெட்டிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை பாருங்கள், அங்கே கிட்டத்தட்ட பூஜ்யம் ஓம் காட்ட வேண்டும்.

கேபிள் விஷயம் முக்கியம். இரட்டை ஆண்டெனாவுக்கு 75 ஓம் கேபிள்தான், ஒவ்வொரு பக்கமும் 18 அடி. ரேடியோ எதிர்பார்ப்பது 50 ஓம், ஒவ்வொரு ஆண்டெனாவும் சுமார் 50 ஓம். இரண்டையும் நேராகச் சேர்த்தால் 25 ஆகிவிடும். 27 மெகாஹெர்ட்ஸில் அந்தக் கேபிளுக்குள் கால் அலை (அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்கு) என்பது ஏறக்குறைய 6 அடி, 18 அடி என்றால் மூன்று கால் அலை. அந்த நீளத்தில் 75 ஓம் கேபிள் 50-ஐ நூற்றுச் சொச்சமாக மாற்றிக் காட்டும். அப்படி இரண்டு சேர்ந்தால்தான் ரேடியோவுக்கு மறுபடியும் 50 பக்கம் வரும். ஒரு பக்கம் 75, மறுபக்கம் 50 என்று போட்டால் இந்தக் கணக்கே கெட்டுவிடும்.

பதில் (ரீஃபர் 12 வருடம்)

அண்ணா சொன்னது எல்லாம் சரி, நான் இன்னும் ஒரு படி மேலே போகிறேன்: இரட்டையே வேண்டாம். இரண்டுக்கும் நடுவே 9 அடியாவது இருந்தால்தான் முன்னும் பின்னும் சிக்னலில் கொஞ்சம் லாபம், நம் வண்டி அகலத்துக்கு அது இழுபறிதான். இடது கண்ணாடியில் ஒரே ஒரு நல்ல குச்சி, 18 அடி 50 ஓம் கேபிள், அவ்வளவு போதும். கோளாறு வந்தால் தேட வேண்டிய இடமும் பாதியாகிவிடும். மிஞ்சும் கேபிளை இறுக்கிச் சுருட்டாதீர்கள், தளர்வாக மடித்து வையுங்கள். குச்சியின் பெரும்பகுதி கூரைக்கு மேலே நிற்கட்டும், ஆனால் ஒண்டாரியோவில் வண்டியின் உயர வரம்பு 4.15 மீட்டர் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கேட்டவர் மீண்டும்

இரண்டு பேருக்கும் நன்றி. நேற்று லோடு இறக்கக் காத்திருந்த நேரத்தில் எல்லாவற்றையும் பிரித்தேன். வாஷர் தலைகீழாகத்தான் இருந்தது, பீப் அடித்தது. புது பிராக்கெட் முழுக்கப் பெயின்ட், எர்த்தே இல்லை. போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிட்டு, கண்ணாடிக் கை கதவில் நிற்பதால் கதவிலிருந்து கேபினுக்கு ஒரு பின்னல் எர்த் பட்டையும் போட்டேன். இப்போதைக்கு இடது பக்கம் மட்டும் ஒற்றை ஆண்டெனா, புது 50 ஓம் கேபிள். குச்சியும் பிராக்கெட்டும் புதிதாக வாங்கியவைதான்.

இப்போது சேனல் 1-இல் 1.9, 20-இல் 1.6, 40-இல் 1.3. இப்படியே விடலாமா, முனையை வெட்ட வேண்டுமா?

பதில் (வடக்கு ரூட்)

வெட்டவே வெட்டாதீர்கள்! 1-இல் அதிகம், 40-இல் குறைவு என்றால் ஆண்டெனா குட்டையாக இருக்கிறது. முனையில் உள்ள திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே திருப்பி நீளமாக்குங்கள். 40-இல் அதிகமாக இருந்திருந்தால்தான் குறைக்க வேண்டும். கட்டடமும் வேறு ட்ரக்கும் பக்கத்தில் இல்லாத வெட்டவெளியில் நிறுத்தி, கதவுகளை மூடிவிட்டு அளவெடுங்கள். ட்ரெய்லரை மாட்டியே பாருங்கள், நீங்கள் அப்படித்தானே ஓட்டுகிறீர்கள்.

கேட்டவர்

நான்கு சுற்று வெளியே எடுத்தேன் அண்ணா. 1-இல் 1.5, 20-இல் 1.2, 40-இல் 1.5. இன்று காலை மாரத்தான் ஊர்ப் பக்கம் எதிரே வந்த ஒருவர் சுமார் 5 கிலோமீட்டர் தள்ளியிருந்தே தெளிவாகப் பதில் சொன்னார். வலது பக்கம் இனி காலியாகவே இருக்கட்டும்.