முதல் கப்பலில் இருந்து இறங்கியாயிற்று, இனி யாரைக் கேட்பது?

டெக் கேடட்:
கப்பலில் ஒன்பது மாதப் பயிற்சி முடித்து இறங்கிவிட்டேன். கூட இருந்தவர்கள் ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். துறையில் வேறு யாரையும் தெரியாது. சங்கங்களில் சேர்ந்தால் பயன் உண்டா?

செகண்ட் இன்ஜினியர்:
உண்டு. 1889இல் தொடங்கிய ஐமாரெஸ்ட் என்ற கடல்சார் பொறியாளர் சங்கம் மாணவர்களையும் சேர்த்துக்கொள்கிறது. உங்களைப் போல டெக் பக்கம், அதாவது கப்பலைச் செலுத்தும் பக்கம் என்றால் நாட்டிகல் இன்ஸ்டிடியூட் என்ற சங்கம். ஆனால் எனக்குக் கைகொடுத்தவர் என் பழைய சீஃப் இன்ஜினியர்தான். எண்ணெயைச் சுத்தப்படுத்தும் பியூரிஃபையர் அடிக்கடி நின்றுபோனது. எந்த நேரம், எண்ணெய் என்ன சூடு என்று இரண்டு வாரம் குறித்துவைத்து அவரிடம் காட்டினேன். நான்கு வருடம் கழித்து, ஆள் தேவைப்பட்டபோது அவராகவே கூப்பிட்டார். உங்களுக்குக் கப்பலில் வேலை சொல்லித்தந்த சீஃப் ஆபீசருக்கு இன்றே எழுதுங்கள். எடுத்ததும் வேலை கேட்காதீர்கள். அவர் சொல்லித்தந்த ஒன்றைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

தரைப்பணிக்கு வந்தவர்:
பெண்களுக்கு 1974 முதல் விஸ்டா என்ற கப்பல்துறைச் சங்கம் இருக்கிறது. அப்புறம், துறைமுகத்தில் கப்பலைச் சோதிக்க ஏறும் சர்வேயர்களிடம் கூச்சப்படாமல் பேசுங்கள். நான் இந்த வேலைக்கு வந்ததே அப்படி ஒருவர் காட்டிய வழியில்தான்.

டெக் கேடட்:
ரொம்ப நன்றி சார். கப்பலைச் சமநிலையில் வைக்க ஏற்றும் தண்ணீரின் (பலாஸ்ட்) கணக்கைப் பொறுமையாகச் சொல்லித்தந்ததை நினைவுபடுத்தி சீஃப் ஆபீசருக்கு இப்போதுதான் எழுதினேன்.