புதுப்பிப்பு: ஓலைச்சுவடி அறைக்கான ஜெனரேட்டர் கணக்கு

சுவடி அறைக்கு 5 கேவிஏ (ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் அளவு) டீசல் ஜெனரேட்டர் போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். போதாது, திருத்திக்கொள்ளுங்கள். ஒன்றரை டன் ஏசி இரண்டுக்கு 3.2 கிலோவாட், ஈரப்பதம் உறிஞ்சும் கருவிக்கு 0.7, கேமரா, தீ எச்சரிக்கைப் பலகைக்கு 0.3, மொத்தம் 4.2. பவர் ஃபாக்டர் (கேவிஏவில் கிலோவாட்டாகக் கிடைக்கும் பங்கு) 0.8 என்றால் 5.25 கேவிஏ ஆகிவிடுகிறது. போதாக்குறைக்கு, சாதாரண கம்ப்ரஸர் கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு கரன்ட் இழுக்கும். 7.5 கேவிஏ வாங்கி, கருவிகள் 3 நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாகக் கிளம்பும்படி டைமர் வையுங்கள்.

பலரும் கோட்டை விடுவது வேறு இடத்தில். கரன்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறியதும் ஈரப்பதக் கருவி தானாக ஓடாமல் போகலாம். தொடுபொத்தான் மாடல்கள் பல, யாராவது அழுத்தும்வரை சும்மா நிற்கும். சனிக்கிழமை இரவு நின்றால் திங்கள்வரை கேட்க ஆளில்லை; மழைக்காலத்தில் ஓலையில் பூஞ்சை பிடிக்க வழி திறந்துவிடும். வாங்குமுன் கடையிலேயே பிளக்கைப் பிடுங்கி, மறுபடி செருகிப் பாருங்கள்.

மாதாந்திர சோதனையை வெறும் ஓட்டமாக விடாதீர்கள். மெயினை அணைத்து, முழு லோடில் அரை மணி ஓட்டுங்கள். 30 சதவீதத்துக்குக் குறைந்த லோடிலேயே ஓட்டினால் எரியாத டீசலும் கரியும் புகைக்குழாயில் படியும்.

யுபிஎஸ் பேட்டரி சுவடி அறைக்குள் கூடவே கூடாது: சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், திரவ பேட்டரியில் அமிலத் துளியும் பறக்கும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் பேட்டரி ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பதால், மொட்டை மாடித் தகரக் கொட்டகையும் வேண்டாம்.